வையம்பட்டியில் எட்டுக்கு எட்டு

திருச்சியில் இருந்த ஐந்து நாளும் எனக்குக் கோபம். கோயில், காவிரி, மலைக்கோட்டை என்று வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மடித்து வைத்துவிடலாம்.

நான் கிளிநொச்சிப் பக்கம் மிதிவெடி அகற்றுகிறவள். பதினான்கு வருட வேலை. முதல் பத்து வருடம் முழங்காலில் நின்று மண்ணைக் கிளறினேன். இப்போது பத்துப் பெண்களுக்குப் பொறுப்பாளர். மண்ணுக்குள் ராடார் அலை அனுப்பி மிதிவெடியைக் காட்டும் கருவி ஒன்றைத் திருச்சியில் ஒரு சின்ன நிறுவனம் செய்திருக்கிறது, போய்ச் சோதித்துப் பார், சரியென்றால் ஏற்புப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வா என்று கொழும்பில் இருக்கிற எங்கள் மேலதிகாரி அனுப்பிவைத்தார்.

அந்தக் கையெழுத்தின் அர்த்தம் எனக்குத் தெரியும். எங்கள் குழுவில் வசந்தி என்று ஒருத்தி. ஒன்பது வருடமாக என்னோடு வேலை செய்கிறாள், அடுத்த வீட்டுக்காரி, இரண்டு பெண் பிள்ளைகளின் தாய். மாலையானால் அவளுடைய முழங்கால் இரண்டும் வீங்கிப்போகும். நான் கையெழுத்து வைத்தால் மழைக்கு முன் கருவி வந்துவிடும். கருவி ‘ஒன்றுமில்லை’ என்று காட்டுகிற இடத்தை அவள் கிளறத் தேவையில்லை, எழுந்து மிதித்து நடக்கலாம். கருவி பொய் சொன்னால் மிதித்த இடத்திலேயே கால் போய்விடும்.

“மெஷினோட வாங்கோ அக்கா, இல்லாட்டி வராதேங்கோ” என்றுதான் வசந்தி வழியனுப்பினாள்.

விமான நிலையத்து ஆட்டோக்காரர் என் இரண்டாவது வாக்கியத்திலேயே, “மேடம் கேரளாவாங்க?” என்றார். இல்லை, தமிழ்தான் என்றேன். “ரொம்ப நல்லா தமிழ் பேசுறீங்க” என்று பாராட்டினார். தாய்மொழியைப் பேசியதற்கு வாழ்த்து வாங்கிக்கொண்டு வாயை மூடினேன்.

தென்னூரில், ஒரு பல் வைத்தியசாலைக்கு மேல்மாடியில் அலுவலகம். டைரக்டர் அறுபது வயதுக்காரர், ஸ்ரீரங்கத்து மனிதர், நெற்றியில் திருமண், வாயில் எப்போதும் ஒரு பெருமாள். “வாங்கோ வாங்கோ, பிரயாணம் சௌகரியமா இருந்ததா? எல்லாம் பெருமாள் சங்கல்பம். நம்ம கருவி எட்டுக்கு எட்டு கண்டுபிடிச்சிருக்கு, தெரியுமோல்லியோ?” என்றார். நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஏற்புப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். எல்லாக் கட்டமும் நிரப்பப்பட்டிருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“நான் இன்னும் மெஷினையே பார்க்கேல்லையே சேர்” என்றேன்.

“பாருங்கோ, பேஷா பாருங்கோ. இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி.”

ஃபார்மாலிட்டியாம்! எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த மனிதர் கெட்டவர் இல்லை. நான் தங்குவதற்கு ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியில் நல்ல அறை எடுத்துக் கொடுத்திருந்தார். அவரே கூட வந்து ஒரு மெஸ்ஸில் வாழை இலை போட்டு, வத்தக்குழம்பும் அப்பளமும் என்னைக் கேட்டுக் கேட்டுப் போடச் சொன்னார். நல்ல சாப்பாடுதான். எங்கள் ஊரில் தேங்காய்ப்பால் விட்ட சொதி இல்லாமல் ஒரு சோறு இறங்காது. இங்கே சொதி என்றால் யாருக்கும் விளங்கவில்லை. பால் விடாத தேநீர் கேட்டேன். ஐந்து நாளும் கேட்டேன், ஐந்து நாளும் பாலோடுதான் வந்தது. கோப்பியை மட்டும் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் காலையில் சோதனைக் களத்துக்குப் புறப்பட்டோம். களம் வையம்பட்டிக்குப் பக்கத்தில், டைரக்டரின் உறவினர் ஒருவரின் தோட்டத்தில் இருந்தது. என்னை அழைத்துப் போனவர் கருவியை வடிவமைத்த இன்ஜினியர் கவிதா. முப்பத்தைந்து வயது இருக்கும். அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவராம். கம்பெனிக் கார் மணப்பாறை பஸ் நிலையத்துக்கு முன்னால் புகை விட்டு நின்றது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இது இன்னிக்கு வேலைக்கு ஆவாதுங்க” என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். உட்கார இடமில்லை. பெட்டியை மடியில் வாங்கிக்கொண்ட ஒரு அம்மாள், “உள்ள என்னம்மா, தையல் மிஷினா?” என்று கேட்டார். கவிதா, “பூமிக்குள்ள குண்டு இருந்தா கண்டுபிடிக்கிற மிஷின்ங்க” என்றார். அந்த அம்மாள் பெட்டியை உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் அந்தப் பயணத்தில் சிரித்தது அப்போதுதான். கவிதா வாங்கி வைத்திருந்த முறுக்கை இரண்டு பேரும் நின்றுகொண்டே தின்றோம்.

கருவி பார்க்க எளிமையானது. நீளக் கைப்பிடி, கீழே தட்டையான தலை, கைக்கு அருகே ஒரு சின்னத் திரை. தலையை மண்ணுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் பிடித்து, இடமும் வலமும் மெதுவாக வீசிக்கொண்டு போக வேண்டும். அலை மண்ணுக்குள் இறங்கும். மண்ணல்லாத ஏதாவது தட்டுப்பட்டால் திரும்பி வரும். திரையில் வளைவாக ஒரு கோடு விழும், கருவி கூவும். நாங்கள் இப்போது வைத்திருப்பது உலோகத்தை மட்டும் அறிகிற கருவி. அது ஆணிக்கும் கூவும், பழைய டின்னுக்கும் கூவும், ஷெல் துண்டுக்கும் கூவும். ஆனால் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் மிதிவெடியில் இருக்கிற உலோகம் ஒரு சின்ன ஊசியளவுதான். அதனால்தான் ராடார் என்றதும் எங்களுக்கெல்லாம் அவ்வளவு ஆசை.

களத்தில் வெடிமருந்து இல்லாத எட்டு பிளாஸ்டிக் போலிகளைப் புதைத்திருந்தார்கள். புதைத்த இடம் கருவியை ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூடாது என்பது விதி. ஆகவே இன்ஜினியர்கள் எல்லாம் தென்னூரில் இருக்க, எட்டு மாதத்துக்கு முன் ஒரு நல்ல நாளில் டைரக்டரும் தோட்டத்து ஆள் ராசுவும் மட்டும் வந்து புதைத்தார்களாம். வரைபடம் மூடிய உறையில் இருந்தது. கவிதா கருவியை வீசினார். கூவின இடத்திலெல்லாம் நான் சுண்ணாம்பால் அடையாளமிட்டேன். உறையைப் பிரித்துப் பார்த்தோம். எட்டுக்கு எட்டு!

பொய் சொல்வானேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நின்று வசந்திக்கு, “சரிவரும் போல இருக்கு” என்று செய்தி அனுப்பினேன். பதினான்கு வருடம் இந்த வேலையில் இருந்தவள் செய்யக் கூடாத வேலை அது. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

வையம்பட்டியில் ஒரு ஓட்டலில் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. கருவி எட்டுத் தடவை மட்டும்தான் கூவியது. அந்தத் தோட்டத்தில் கல் இருக்கிறது, வேப்ப மர வேர் ஓடியிருக்கிறது, எலி வளை இருக்கிறது. ஒன்றுக்குக் கூடக் கூவவில்லை. பிளாஸ்டிக்கிலிருந்து வரும் எதிரொலி மெல்லியது, வேரின் எதிரொலிக்குப் பக்கத்தில் வைத்தால் பிரித்தறிவது கஷ்டம். இங்கே எட்டும் ஒரே மாதிரி, ஒரே பலமாகக் கூவின.

களத்துக்குத் திரும்பியதும், “கவிதா, கிண்டிப் பார்ப்பம்” என்றேன்.

“ஐயோ மேடம், கிண்டினா டெஸ்ட் பெட் கெட்டுப் போயிடும். மறுபடி மண்ணு செட்டாக மாசக்கணக்குல ஆகும். நாங்க ஒரு தடவைகூடத் தொட்டதில்லைங்க.”

“எங்கட வேலையில மெஷின் சொன்னதை ஒருத்தரும் நம்பிறேல்லை. கையால தொட்ட பிறகுதான் நம்புவம்.”

அவர் டைரக்டருக்கு ஃபோன் செய்யப் பார்த்தார். நான் அதற்குள் குப்புறப் படுத்துவிட்டேன். ராசு கொண்டுவந்த கரண்டியால் பக்கவாட்டில் இருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டே போனேன். போலி கிடைத்தது. அதை எடுத்து வைத்துவிட்டு, பழக்கத்தில் அடியிலும் விரலை விட்டேன். எங்கள் ஊரில் ஒன்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கும். விரலில் தட்டையாக ஏதோ முட்டியது. இழுத்தேன்.

செப்புத் தகடு. ஒரு பக்கம் சக்கரமும் எழுத்தும் கீறிய, பூசைக் கடையில் விற்கிற செப்புத் தகடு.

அடுத்ததைக் கிண்டினேன். அதிலும் இருந்தது. எட்டிலும் இருந்தது.

ராசு ஒன்றையும் மறைக்கவில்லை. “ஐயாதாங்க குடுத்தாங்க. பூமியில எதை வெச்சாலும் பூசை போட்டுத்தான வெக்கணும்னு சொல்லி, ஒவ்வொரு குழியிலயும் ஒரு தகடு, ஒரு கை நவதானியம் போட்டோம். அப்புறந்தான் இந்த டப்பாவ வெச்சோம். பயறெல்லாம் நல்லா மொளைச்சு வந்துச்சு, மாடு மேஞ்சிருச்சு” என்றார்.

கவிதா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். களத்தில் பலமாகக் கேட்ட எட்டு எதிரொலிகளையும் மிதிவெடி என்று எடுத்துக்கொண்டு எட்டு மாதமாக அவர் கருவிக்குப் படிப்பித்தது செம்பின் எதிரொலியை. வேரையும் கல்லையும் கருவி கண்டுகொள்ளாமல் விட்டதும் அதனால்தான். செம்பு மாதிரிச் சத்தம் போடாத எதையும் விட்டுவிடு என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பிளாஸ்டிக் மிதிவெடியும் அந்த ‘எதையும்’ என்பதற்குள்தான் வரும்.

“நான் என்னங்க பண்ணுவேன்? எங்க, எப்படிப் புதைச்சாங்கன்னு நாங்க கேட்கக் கூடாதுன்னுதானே ரூல்” என்றார் கவிதா. எனக்குப் பரிதாபம் வரவில்லை. வசந்திக்கு அனுப்பிய செய்திக்கு அதற்குள் பதில் வந்திருந்தது. கும்பிடுகிற கைகள், வரிசையாக ஆறு.

தகடுகளை எடுத்துவிட்டு, கவிதாவைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, எட்டுப் போலிகளையும் வேறு இடங்களில் நானே புதைத்தேன். புதிதாகக் கிளறிய மண்ணை ராடார் லேசாகக் கண்டுபிடித்துவிடும். ஆகவே புதைக்காத இடங்களிலும் நானும் ராசுவும் பல குழிகள் தோண்டி மூடினோம். ராசு மோட்டாரைப் போட்டு முழுக் களத்துக்கும் தண்ணீர் பாய்ச்சினார். எங்கள் மண் மாரியில் ஈரமாகத்தான் இருக்கும். மிதிவெடி வெயிலுக்காகக் காத்திருக்காது.

தண்ணீர் வடிய ஒரு நாள் விட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் டைரக்டரின் வீட்டுக்குப் போனேன். சித்திரை வீதிப் பக்கம், வாசலில் பெரிய கோலம். எட்டுத் தகட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

பதறிப்போனார். நான் கண்டுபிடித்ததற்காக இல்லை, எடுத்ததற்காக. “அபசாரம், அபசாரம்! இதை எதுக்கும்மா வெளில எடுத்தேள்? விசேஷமா ஆராதனம் பண்ணி வாங்கினது!”

“சேர், இது செம்பு. உங்கட மெஷின் இதைத்தான் கண்டுபிடிச்சது.”

“அதை நீங்க வெறும் செம்புன்னு சொல்லப்படாது.”

“உங்களுக்கு அது என்னவாயும் இருக்கட்டும். ராடாருக்குச் செம்பு.”

தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டால் துடைத்தார். பிறகு மெதுவாக, “உங்க ஊர்ல இதால நாலு பேர் பிழைக்கணும்னு வேண்டிண்டுதாம்மா வெச்சேன். சத்தியமாத் தோணலை” என்றார். அது உண்மை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்தக் கணத்தில் என் கோபம் அடங்கியிருக்கும். அவர் அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. “சரி, போனது போறது. ‘பிளாஸ்டிக் மிதிவெடியில் கவனம் தேவை’ன்னு ரிமார்க்ஸ்ல ஒரு வரி எழுதிட்டுக் கையெழுத்துப் போட்டுடுங்கோ. ஆறு மாசத்துல சாஃப்ட்வேரை மாத்திடலாம்.”

“அந்த ஆறு மாசமும் ஆர் சேர் மிதிக்கிறது?”

அவருடைய மனைவி கொண்டுவந்து வைத்த கோப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். ரங்கநாதர் கோபுர வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகவில்லை. சாமியோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை, அன்றைக்குக் கும்பிடுகிற மனநிலை இல்லை, அவ்வளவுதான்.

நான்காம் நாள் மறுபடி வையம்பட்டி. இந்த முறை கார் ஓடியது, டைரக்டரும் வந்தார். கவிதா கருவியை வீசினார். இரண்டு தடவை பாதியில் நிறுத்தி முதலிலிருந்து தொடங்கினார். எட்டில் இரண்டைக் கண்டது. அத்தோடு, நாங்கள் சும்மா தோண்டி மூடிய குழி ஒன்றுக்கும் கூவியது. போலி கிடந்த மற்ற ஆறு இடத்திலும் திரை பச்சை காட்டியது. பச்சை என்றால் மிதிக்கலாம்.

எங்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. துப்புரவாக்கிய காணியை ஊருக்குக் கையளிக்கிற அன்று, சனம் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் நாங்கள்தான் அதன்மேல் நடப்போம். பத்துப் பெண்களும் வரிசையாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை. அதன் பிறகுதான் காணிக்காரர் கால் வைப்பார். இதை டைரக்டருக்குச் சொல்லிவிட்டு, “நடவுங்கோ சேர். பச்சை காட்டின இடம் எல்லாம் நடவுங்கோ. ஒண்டும் வெடிக்காது, பிளாஸ்டிக் டப்பாதான்” என்றேன்.

அவர் செருப்பைக் கழற்றினார். முதல் பச்சைக்கு முன்னால் போய் நின்றார். வெடிக்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், புதைத்தது என்ன என்று பார்த்தவர். இருந்தும் கால் எழும்பவில்லை. ராசுவும் கவிதாவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் திரும்பிச் செருப்பை மாட்டிக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து மேலதிகாரியின் ஃபோன். டைரக்டர் முந்தின நாளே அவரோடு கதைத்திருக்கிறார் என்று விளங்கியது.

“பிள்ளை, ட்ரயல் எண்டு போட்டு சைன் வையும். இந்த முறை மெஷினை எடுக்காட்டி அடுத்த வருசம் ஒருத்தனும் காசு தரமாட்டான்.”

“சேர், கையளிக்கிற அண்டைக்கு நீங்களும் வாங்கோ. என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்கு நடவுங்கோ. அப்ப வைக்கிறன்.”

“உம்மோட கதைக்கேலாது” என்று வைத்துவிட்டார். இருபது வருடமாக மிதிவெடிக்குப் பொறுப்பான மனிதர், ஒரு காணியிலும் நடந்ததில்லை. குளிர் அறையில் இருந்துகொண்டு எங்களுடைய காலை வைத்து ட்ரயல் பார்க்கிறார்கள்! தோட்டத்துக்கே கேட்கும்படி திட்டினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

காரின் முன்பக்கத்தில் வைத்துப் படிவத்தை நிரப்பினேன். நிரப்பி வைத்திருந்த கட்டங்களையெல்லாம் அடித்துவிட்டு, ‘ஏற்கப்படவில்லை. எட்டில் ஆறு தவறியது’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். கவிதா பேனாவை வாங்கி, அதன் கீழே ‘கருவியை இயக்கியவர்’ என்று எழுதித் தானும் கையெழுத்துப் போட்டார்.

டைரக்டர் காருக்குள்ளிருந்து, “கவிதா, நீ நம்ம ஆளும்மா” என்றார்.

“ஆமாங்க சார். மிஷினும் என்னோடதுதாங்க” என்றார் கவிதா.

ஐந்தாம் நாள் கவிதாவின் ஸ்கூட்டரில் விமான நிலையம் போனேன். என் துணிப் பெட்டியை முன்னால் வைத்து, பையை மடியில் வைத்து, எப்படியோ வந்து சேர்ந்தோம். எங்கள் வேலைத்தளத்தில் ஃபோனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். மதியம் வேலை முடிந்த பிறகுதான் வசந்தியின் கைக்கு வரும். அந்த நேரம் பார்த்து அழைத்தேன், அவளே எடுத்தாள். கை நிறையச் சாமான் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுக் கவிதாவின் கையில் கொடுத்தேன்.

“அக்கா, மெஷினும் உங்களோடயே வருதோ?”

“இல்லையடி. நான் சைன் வைக்கேல்லை.”

வெடித்தாள். “அப்ப ஏன் சரிவரும் எண்டு மெசேஜ் போட்டனீங்கள்? பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். இந்த மாரிக்கு அம்மா முழங்காலில நிக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். நீங்கள் எழும்பிட்டீங்கள் அக்கா, பொறுப்பாளர். கீழ நிக்கிறது நான்.”

ஒவ்வொரு சொல்லும் நியாயம். நான் ஒன்றையும் மறுக்கவில்லை. தகட்டைச் சொன்னேன், தண்ணீர் விட்டதைச் சொன்னேன், பச்சை காட்டிய ஆறு இடத்தைச் சொன்னேன்.

“மெஷின் செய்த ஆள் பக்கத்திலையோ?” என்றாள்.

கவிதா ஃபோனை வாய்க்கருகே கொண்டுபோனார். “இருக்கேன்க்கா. கவிதா பேசுறேன்.”

“தங்கச்சி, எனக்கு அந்த மெஷின் வேணும். முழங்கால் போயிட்டுது. எப்ப சரியாச் செய்து தருவீங்கள்?”

கவிதா என்னைப் பார்த்தார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அது அவர் சொல்ல வேண்டிய பதில்.

“தெரியலைங்கக்கா” என்றார். “முதல்ல இருந்து பண்ணணும். எவ்வளவு நாளாகும்னு உண்மையாவே தெரியலை.”

“சரி” என்றாள் வசந்தி. “தெரியும் எண்டு சொல்லியிருந்தா ஃபோனை வைச்சிருப்பன். மெஷின் எத்தினை தரமெண்டாலும் பிழை விடட்டும், உங்கட மண்ணிலயே பிழை விடட்டும். அங்க பிழை விட்டு முடிச்சிட்டு இங்க கொண்டு வாங்கோ.”